மருத்துவமனைக்குப் போகும் முன் மூன்று நாள்: தாம்பரமும் பாஸ்கர் அண்ணனும்

வெளிநாட்டில் பயிற்சிக்குப் போகும் மருத்துவ மாணவர்கள், எத்தனை நாள் முன்னதாகப் போய் இறங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. மூன்று நாளாவது வேண்டும் என்பேன். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

1994 ஆகஸ்ட். ஈப்போவில் பிறந்து, கோலாலம்பூரில் நான்காம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனையில் ஆறு வாரப் பயிற்சி கிடைத்தது. தமிழ் பேசுகிற ஊர்தானே, சமாளித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை 11.20க்கு விமானம் இறங்கியது. விமான நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து தாம்பரம் இருபது நிமிடம், டிக்கெட் இரண்டு ரூபாய். பெட்டியோடு கிழக்குப் பக்கம் வெளியே வந்ததும், காக்கிச் சட்டை தோளில் தொங்கிய ஒல்லியான ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார். "எங்கம்மா போவணும்?"

"செம்பாக்கம், அண்ணே."

"இன்னா, அண்ணேவா? மதுரையா நீ?"

மலேசியா என்றேன். நம்பவில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய் கேட்டு இருபத்தைந்துக்கு இறங்கினார். பெயர் பாஸ்கர். கேம்ப் ரோடு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, குனிந்து, வெகுநேரம் இருமினார். "தூசும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கிளப்பினார்.

தங்கியது ஏரிக்கு அருகே, ஸ்டெல்லா என்கிற பள்ளி ஆசிரியையின் மாடி அறையில். மறுநாள் காலை, "அக்கா, எத்தனை மணிக்குப் பசியாறலாம்?" என்றேன். அவர் விழித்தார். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கியதும், "டிபனா? அதுக்கு இவ்ளோ அழகா ஒரு வார்த்தையா?" என்று சிரித்துக்கொண்டே இட்லி வைத்தார். காலை உணவுக்கே இந்தப் பாடு என்றால், நோயாளி சொல்வது எனக்கு எப்படிப் புரியும்?

அன்று ஒன்பது மணிக்கு, பேசி வைத்தபடி பாஸ்கர் அண்ணன் வந்தார். வெள்ளை கோட்டு வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். வழியில் மூன்று முறை இருமினார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மூணு மாசமா கீது. போன வருசம் மாத்திர குட்தாங்க. ரெண்டு மாசம் துன்னேன், நல்லாய்டுச்சி, வுட்டுட்டேன்."

இங்கேதான் தவறு செய்தேன். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் என்னென்ன ஆகும் என்று பரீட்சையில் ஒப்பிப்பது போல அடுக்கினேன். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. அவர் முகம் இறுகிவிட்டது. "நீ இன்னும் டாக்டர் ஆவலல்ல? வெளிய தெர்ஞ்சா வூட்ட காலி பண்ண சொல்வான். எவன் சவாரி ஏறுவான்?" வாசலில் இறக்கிவிட்டு, கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்கா மாதா கோயிலுக்குப் போனதும் பஸ் பிடித்துத் தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். பாஸ்கர் அண்ணன் தன் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் கூலியை நீட்டினேன். "நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அண்ணே. நாளைக்கு எனக்கு மொத நாள். இந்த ஊர் பேச்சு புரியாதோன்னு பயமா இருக்கு. மூச்சு விட கஷ்டம்னா இங்க எப்படிச் சொல்வாங்க?"

நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மூச்சு வாங்குதும்பாங்க, மார் அடைக்குதும்பாங்க, சளி கட்டிகினு கீதும்பாங்க. நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்றரைப் பக்கம் ஆனது. சட்டென்று நிறுத்தி, ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்: "புள்ளைக்கு வந்துருமா?"

வரலாம் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லவும் மனம் வரவில்லை, மறுபடி பாடம் நடத்தவும் முடியவில்லை. "எனக்கு முழுசா தெரியாது, அண்ணே. நாளைக்கு அங்க பெரிய டாக்டர் இருப்பார். ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்" என்றேன்.

திங்கள் காலை 7.30க்கு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. பாஸ்கர் அண்ணன் என் கண்ணைப் பார்க்காமல், "நேத்துதான் சொன்னேன்" என்றார். நான் அந்தப் பெண் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"இவரு இன்னா சொல்றது?" என்றாள் அவள், குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தபடி. "தெனம் ராத்திரி வேர்த்து நனஞ்சிபோன தலகாணிய வெயில்ல போடறது யாராம்? இவரா சொல்லட்டும்னு கெடந்தேன்."

வியாழக்கிழமை சளிப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் திரும்பியிருந்தது. இந்த முறை ஊசியும் சேர்த்து எட்டு மாதம். குழந்தைக்கு நோய் இல்லை, தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். நான் ஊர் திரும்பும்போது அண்ணனுக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தது. அடுத்த மே மாதம் ஸ்டெல்லா அக்காவின் கடிதம் வந்தது: மருந்து முடிந்துவிட்டது, ஒரு நாளும் தவறவில்லை, கணக்கு வைத்திருந்தது அவர் மனைவி.

போகிறவர்களுக்கு: மேலே சொன்ன கட்டணம் எதுவும் இன்று செல்லாது. திரிசூலத்தில் இறங்குவது இன்றும் சுலபம்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். முதல் மூன்று நாளை ஊர் பார்ப்பதிலேயே தீர்த்துவிடாமல், ஸ்டாண்டிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் உட்கார்ந்து பேச்சைக் கேளுங்கள். புரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் அங்கே கற்ற வைத்தியத்தில் பாதி, வார்டுக்குள் நுழையும் முன்பே கிடைத்தது.