காக்கை தொடாத சோறு

போலீஸ் உத்தியோகத்தில் யாரும் கேட்டு வாங்காத டியூட்டி ஒன்று உண்டென்றால், அது புத்தி கலங்கியவர்களை மாஜிஸ்திரேட் உத்தரவோடு ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதுதான். ஆம்பூர்ப் பக்கம் ஏட்டாக இருந்த வருஷங்களில் அது எப்போதும் என் தலையிலேயே விடிந்தது. திருடனோடு போகிறவருக்கு அவன் ஓடிவிடுவானே என்ற ஒரே கவலை. எங்களுக்கோ, கூட வருகிறவன் வாயைத் திறந்துவிடுவானே என்ற கவலை. இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள்.

பின்னால் நிற்கிறவர்

குப்புசாமி தோல் மண்டியில் சுண்ணாம்புக் குழி ஆள். தோலை ஊறப்போட்டுப் புரட்டுகிற வேலை. கூட வேலை செய்த சின்னத்தம்பி ஒருநாள் கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்தான். குப்புசாமி அவன் கையைப் பிடித்தான். சுண்ணாம்புக் கை, நழுவிவிட்டது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அன்று முதல், "கைய குடுடா" என்று குழிக்குள்ளிருந்து சின்னத்தம்பி கூப்பிடுவதாகக் குப்புசாமி சொல்ல ஆரம்பித்தான். குழியோரம் படுத்துக் கையையும் நீட்டினான். இவன் பேச்சைக் கேட்டு மற்றவர்களும் இறங்க மாட்டேன் என்கிறார்கள், ஒரே பேஜார் என்று மேஸ்திரி மாணிக்கம் எழுதிக் கொடுத்தார். மேலே ஆகவேண்டியது ஆயிற்று.

ரயிலில் நிற்கவும் இடமில்லாத கூட்டம். குப்புசாமி என் தோளுக்கு மேலே பார்த்தபடியே வந்தான். குடியாத்தம் தாண்டியதும் அவன் சொன்ன ஒரு வார்த்தையில் அரைப் பெட்டி காலியாகிவிட்டது. காட்பாடி வரை நானும் திரும்பிப் பார்க்கவில்லை. ரொம்பப் பணிவாகத்தான் சொன்னான்: "ஏட்டய்யா, பின்னால ஒருத்தர் ஈரத்தோட நிக்கறாரு. கொஞ்சம் நகுந்து குந்துங்க."

துணி மூட்டை

ஆஸ்பத்திரியில் சர்க்கார் உடுப்பு கொடுத்துவிடுவார்கள். அவனுடைய வேட்டியையும் துண்டையும் மூட்டையாகக் கட்டி என்னிடம் நீட்டினார்கள். புது வேட்டி, வீணாகப் போவானேன் என்று அவன் வீட்டுக்கே கொண்டுபோனேன். மூட்டையைப் பார்த்ததும் அவன் மனைவி ராஜம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். பெண்கள் அழுதால் எனக்கு ஆகாது. வாயைத் திறக்காமல் மூட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு நழுவினேன். புருஷனைப் பிரிந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து வேறொருவரைக் கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரித் தோட்டத்தில் குப்புசாமி கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. குணமாகிப் பல மாதம் ஆகிறது, உறவுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்ப முடியும், போட்ட கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பிவிட்டது என்றார் டாக்டர். "இன்னும் குரல் கேட்கிறதா?" என்று குப்புசாமியைக் கேட்டேன். அவன் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "குழில இருந்து கூப்பிடறது நின்னுபோச்சி ஏட்டய்யா. இப்ப எங்கூட்ல இருந்துதான் யாரும் கூப்பிடல."

அமாவாசை

டாக்டர் கொடுத்த காகிதத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். அன்று அமாவாசை. நான் கொண்டுவந்து வைத்த அதே வேட்டி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் படையல். ராஜம்மாவுக்கு வெறுங்கழுத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஜெயிலில் ஒருவன் செத்துப்போனால் அவன் துணி மூட்டையைப் போலீஸ்காரன்தான் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பான். மூட்டை வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட எனக்கு அது தோன்றவில்லையே! நல்லது செய்யப்போய் ஒரு மனுஷனை நானே சாகடித்திருக்கிறேன். செத்தவன் போன இடத்திலிருந்து கடிதம் வருகிறதே என்று பயந்துதான் அவர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"அம்மா, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உன் புருஷன் உயிரோடு இருக்கிறான்" என்றேன். குப்புசாமியின் அண்ணன் பெருமாள் குறுக்கே வந்தார். "கருமாதி முடிஞ்சிபோச்சி. இனிமே வர்றது எந்தம்பியா இருக்காது" என்றார். ராஜம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கூரைமேல் சும்மா உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தாள். காகிதத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "ஒரு அமாவாசைக்கும் காக்கா சோத்த தொடலீங்க. அவருக்கு எம்மேல இன்னா கோவமோன்னு இத்தினி நாளா அழுதுக்கினு இருந்தேன்."

நிழல்

குப்புசாமியோடு ஊருக்குள் நுழைந்தபோது உச்சிப்பொழுது. அதுவும் என் கெட்ட நேரம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது, இடுக்குகளில் கண்கள் மட்டும். "நெழல் இருக்குதா பாருங்க" என்று பெருமாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். உச்சி வெயிலில் நிழலுக்கு எங்கே போவது? எனக்கும்தான் இல்லை என்றேன். அதைக் கேட்டதும் என்னையும் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். வெயில் சாயட்டும் என்று இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்றோம். குப்புசாமி குனிந்து தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவனை மறுபடி ரயிலேற்ற என்னால் முடியாது.

அப்போது ஒரு கதவு திறந்தது. ராஜம்மா சோற்றுத் தட்டோடு நேரே நடந்துவந்து அவன் கையைப் பிடித்தாள்: "நெழல் வர்ற வரைக்கும் பசி தாங்குமா? உள்ள வாங்க."

குழியோரம்

குப்புசாமிக்கு மண்டியிலேயே, தோல் பதனிடுகிற மரப்பட்டையை இடிக்கிற வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தேன், அதற்கு யார் உத்தரவும் இல்லை. சின்னத்தம்பி வாலாஜாபேட்டையிலிருந்து ஒண்டியாக வந்தவன். அவனுக்குக் கருமாதி செய்ய நாதியில்லை. அமாவாசைதோறும் தனக்குப் படைத்த சோற்றை இனி அவனுக்குப் படைக்கலாமா என்று குப்புசாமி கேட்டான். அடுத்த அமாவாசையன்று காலையில் சுண்ணாம்புக் குழியோரம் இலை போட்டோம். ராஜம்மா கையை எடுப்பதற்குள் காக்கை இறங்கிவிட்டது.

மேஸ்திரி மாணிக்கம், குப்புசாமியைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தாரே அவர்தான், என் காதோரம் வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "எனக்கும்தான் கேட்டுச்சி ஏட்டய்யா, தெனமும். சொன்னா என்னியும் ரயில் ஏத்திடுவீங்கன்னு கம்முனு இருந்துட்டேன்."

அதற்கப்புறம் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட, எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கையில் இருப்பதை நீட்டுகிறேன்.