பத்து சென்டிமீட்டர் கோட்டில் என் வயிற்றுவலி

தாம்பரத்தில் குடல் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்ததும் என் கண் முதலில் தேடியது கழிப்பறையைத்தான். ஐந்து வருடப் பழக்கம். ஐ.பி.எஸ். (சோதனையில் புண்ணோ கட்டியோ தெரியாது, வலி, உப்பசம், பேதி மட்டும் ஓயாது) உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். ஐந்து கேள்விகள், மொத்தம் ஐந்நூறு மதிப்பெண். வலியைக் குறிக்கப் பத்து சென்டிமீட்டர் கோடு. ஒரு முனையில் 'இல்லை', மறுமுனையில் 'மிகக் கடுமை'. எனக்குச் சிரிப்பு வந்தது. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தர ஆய்வாளன் நான்; அளப்பதே பிழைப்பு. அளவு சற்றுப் பிசகிய பாகமும் பொருத்தினால் ஓடிவிடும் என்றால், தள்ளாமல் பாஸ் போட்டுவிடுவோம். என் வயிற்றுக்கும் அப்படியே போட்டேன்.

உள்ளே டாக்டர் கூட்டிப் பார்த்தார்.

"நூத்தி அம்பது. லேசானதுதான் சார். அதே மாத்திரையைக் கன்டினியூ பண்ணுங்க."

அந்த மாத்திரையால்தான் ஒன்றும் ஆகவில்லையே! இன்னும் எத்தனை வருடம் இந்தப் பாடு? ஆனாலும் மண்டையை ஆட்டினேன்.

கூட வந்திருந்த என் மனைவி ஸ்டெல்லா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பத்து நாள்ல மூணு நாள்தான் வலியா? மத்த நாள்லாம் வலி வந்துடும்னு பட்டினியாத்தானே வேலைக்குப் போறீங்க? வாழ்க்கைக்குத் தொந்தரவு கம்மின்னு வேற போட்டிருக்கீங்க. பொண்ணு ஸ்கூல் ஃபங்ஷன்னா மூணு வருஷமா கேட்டாண்டயே நின்னுட்டு வரீங்களே, அது என்னவாம்?"

டாக்டர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னது அத்தனையும் நிஜம். இதே பாடு படுகிறவர்களே, வயிற்றுக்குப் பயந்து விட்டுக்கொடுத்தவற்றையும் சேர்த்து எழுதுங்கள். நான் எழுதவில்லை.

டாக்டர் புதுத் தாள் நீட்டினார். "சமாளிக்கிறதை எழுதாதீங்க சார். படறதை எழுதுங்க."

முந்நூற்று இருபது வந்தது. கடுமையானது என்றார். அந்த எண்ணைப் பார்த்து அழுதுவிட்டேன். வலி நரம்புகளைத் தணிக்கும் மாத்திரை, உணவில் மாற்றம் என்று வைத்தியமும் மாறியது.

மூன்று மாதம் கழித்து இருநூற்று நாற்பது. குணமில்லை, குறைவு. அந்த வாரம் பள்ளி விழாவில் நடு வரிசையில் உட்கார்ந்தேன். மகளின் நடனம் தொடங்கும் நேரம் பார்த்து வயிறு முறுக்கியது. எட்டுப் பேரின் முழங்கால்களைத் தாண்டி வெளியே ஓடினேன்.

முன்பென்றால் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன். முகம் கழுவிக்கொண்டு, அதே எட்டுப் பேரிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். பாதி நடனம் மிச்சமிருந்தது.