சாக்ஸ் போட்ட கால்

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை, பெரிய வியாழனன்று, ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். இயேசு தம் சீஷர்களுக்குச் செய்தாரே, அதை நினைத்து. ஆனால் அழுக்குக் காலோடு யாரும் வந்ததில்லை. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டிய காலைத்தான் பேசினில் வைப்போம்.

அப்பா அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், சபை மூப்பர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் முழங்கால் போடுவது எப்போதும் அவர்தான். அவர் குனிகிற அழகைப் பார்த்தால், தன் தாழ்மையில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று தெரிந்துவிடும். தன் காலை மட்டும் யாரிடமும் நீட்டமாட்டார். "நமக்கு எதுக்கும்மா" என்பார்.

போன வருஷம் எனக்கு ஒரு பயம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மாதமாகச் சாக்ஸைக் கழற்றவே இல்லை. போர்ட் பிளேர் வேக்காட்டில், வீட்டுக்குள்ளே, தூங்கும்போதுகூட. பக்கத்தில் போனால் வாடை அடித்தது. காலைக் காட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன், கத்தியும் பார்த்தேன். "டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு, விடு. தானா ஆறிரும்" என்பதோடு சரி. கால் போய்விடுமோ என்பதுதான் அந்தப் பயம்.

அந்தப் பெரிய வியாழனன்று ஆண்கள் பக்கத்தில் அப்பா துண்டோடு எழுந்தார். அதற்குள் வண்டூரிலிருந்து வரும் படகுக்காரர் பேசினோடு அவர் முன்னால் முழங்கால் போட்டுவிட்டார். "அண்ணாச்சி, மத்தவங்களையும் கொஞ்சம் பேச விடுங்க" என்று ஒரு சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அப்பாவிடம் சொன்ன ஆள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

"நான் உமக்குக் கழுவுதேன். நீரு எந்திரியும்."

"பேதுருவும் முதல்ல இப்படித்தான் வேண்டாம்னாரு."

சபையே திரும்பிப் பார்த்தது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இயேசுவைக் கால் கழுவவிடாமல் பேதுரு முரண்டு பிடித்ததை எத்தனையோ முறை பிரசங்கித்தவர் அவர். உட்கார்ந்தார்.

படகுக்காரர் சாக்ஸை மெதுவாக உருவினார். இடது பெருவிரல் கறுத்து, அடியில் சீழ் கட்டியிருந்தது. நாற்றம் பெண்கள் பக்கம்வரை வந்தது, பலர் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டார்கள். படகுக்காரர் மூடவில்லை. புண்ணைச் சுற்றித் தண்ணீர் விட்டு, வழிந்த சீழைத் தன் துண்டால் ஒற்றி எடுத்தார்.

"வண்டி வெளியதான் நிக்கி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அப்பா தலையாட்டினார்.

விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. பெற்ற மகள் அழுது கேட்டும் காட்டாத காலை, முகம் கொடுத்துப் பேசாத ஒருவரிடம் நீட்டினாரே. வார்டிலேயே கேட்டுவிட்டேன்.

அப்பா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"அவன் மூஞ்சியச் சுளிப்பான்னு நெனச்சேன். சுளிக்கல" என்றார். பிறகு, "இத்தன வருசமும் நான் கழுவுனதெல்லாம் சுத்தமான காலுதாம்மா" என்றார்.