பின்வாங்கிய வைத்தியர்கள்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததும் எழுந்த சூடான தூசி வாசனையில், ஒரகடத்தில் மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்ட அந்த பிரௌசிங் சென்டர் நினைவுக்கு வந்தது. கம்பெனி லாரிகள் போகும்போதெல்லாம் மேசைகள் அதிரும் அந்த அறையில், ஞாயிறுதோறும் நானும் பெரியப்பா மகன் சேகர் அண்ணனும் ஒரே அணியாகப் போர் விளையாட்டு ஆடுவோம்; படை அவனுக்கு, காயம்பட்ட வீரர்களைக் குணமாக்கும் வைத்தியர்கள் மட்டும் எப்போதும் எனக்கு.

"பொட்டப்புள்ளைக்கு சண்டை இன்னாத்துக்கு? பின்னாடி நின்னுகினு வைத்தியம் பாரு," என்பான். தோற்றால் என் தலையில் குட்டு விழும்.

ஒருநாள் அங்கே ஆட வந்த பையன்கள் எல்லார் முன்னாலும் குட்டினான். அடுத்த ஆட்டத்தில் அவன் படை எதிரியின் கோட்டை வாசலை நெருங்கியபோது, என் வைத்தியர்கள் அத்தனை பேரையும் திருப்பி நடக்கவிட்டேன். வீரர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள்.

"ஏய், வைத்தியம் பாருடீ!" என்று கத்தினான்.

"பொட்டப்புள்ள இல்லாமலே ஜெயிச்சுக்கோண்ணா," என்றேன்.

பையன்கள் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்தது. இன்று நினைத்தாலும் இனிக்கிறது. கொஞ்சமும் பாவமாக இல்லை.