வடாபாவும் இரண்டு குழாய்களும்

எங்கள் அப்பா நல்லவர். அவருடைய நாக்கு மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. தேஹு ரோடு என்ற ஊரின் ராணுவக் கிடங்கில் வேலை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் சொல்லி, அத்தையிடம் வசமாக மாட்டிக்கொண்டார். அப்பாவின் தங்கையான அவள் கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று உத்தரவு போட்டாள். கொழுப்பு அதிகமென்றால் இனி வீட்டில் பூரி கிடையாது என்றாள் அம்மா. எனக்குப் பத்து வயது. என் கவலையெல்லாம் பூரியைப் பற்றித்தான்.

அன்று காலை ஆறு மணிக்கே அப்பா பேப்பர் வாங்க என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பேப்பரோடு, பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா வைத்த வடாபாவும் இரண்டு வாங்கினார். எனக்குப் பாதி கொடுத்து, "எம் பொண்ணு அத்தைகிட்ட மூச்சு விடமாட்டா" என்றார். பாதி வடாபாவுக்கு நான் எதையும் மறைக்கத் தயாராக இருந்தேன்.

கூடத்தில் அத்தை அப்பாவின் ரத்தத்தைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து எடுத்தாள். மேலே தெளிந்த மஞ்சள் நீரில் துளித்துளி இரண்டு குழாய்களில் விட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நொதி கலந்த மருந்தை ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினாள். கொழுப்பை நொதி தின்னத் தின்ன நிறம் ஏறுமாம். பத்து நிமிடத்தில் இரண்டும் நன்றாகச் சிவந்துவிட்டன. அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று.

பூரி கைவிட்டுப் போகிறதே என்று பதறி, "அப்பா காலைல வடாபாவ் சாப்ட்டாரு அத்தே" என்று போட்டு உடைத்தேன்.

"அரே, ஒண்ணே ஒண்ணுதான்மா" என்று அப்பா அசடு வழிந்தார்.

"ஒன்றரை" என்று திருத்தினேன்.

"அடுத்த வாரமாவது பட்டினியா வாங்கண்ணே" என்று அத்தையும் சிரித்துவிட்டாள். ஒரு குழாயைக் கழுவப் போட்டவள், இன்னொன்றை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிறம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

பூரி பிழைத்தது. ஆனால் பக்கத்துத் தெருவுக்கே ஆட்டோ தேடும் அத்தை, மறுநாளிலிருந்து விடிந்ததும் வந்து அப்பாவை நடக்கக் கூட்டிப்போனாள். சில நாளில் அப்பாவுக்கு ஒரு மாத்திரையும் வந்தது. சத்து மாத்திரை என்றார்கள். அண்ணனும் தங்கையும் ஊர்வம்பு பேசத்தான் போகிறார்கள் என்று அம்மா கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வடாபாவ் ஒரு குழாயைத்தான் சிவக்க வைக்கும்; சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் கொழுப்பை அளந்த குழாய் அது. மற்றதில் அளந்தது கொலஸ்ட்ரால்; அது ஒருவேளைச் சாப்பாட்டில் அப்படி ஏறுவதில்லை. கல்லூரியில் அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். அண்ணன் போய்விடுவாரோ என்று பயந்து தினமும் கூடவே நடந்தவளைப் பார்த்தா அத்தனை நாள் சிரித்தேன்?