அரை மக் தண்ணீர்

கல்லின் மேல் அரை மக் தண்ணீரை வீசிவிட்டு சலீம் பாய் ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பார். சாம்பலாகக் கிடந்த பலகையில் கறுப்பும் சிவப்பும் கண்ணாடி நிறமுமாக மணிகள் எழுந்து வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

"பூமிக்கு அடியில கொழம்பா இருந்தது மேடம். சட்டுனு ஆறியிருந்தா மணி கண்ணுக்கே தெரியாது. லட்சக்கணக்கான வருசம் நின்னு ஆறுனதால இம்மாம் பெருசு. மொதல்ல கறுப்பு உக்காந்துச்சு, அப்புறம் சிவப்பு. கண்ணாடி மாதிரி இருக்கே, இதுதான் கடைசி. மிச்சம் இருந்த சந்துல எல்லாம் போயி அடைச்சிக்கிச்சு. இதுக்குன்னு ஒரு உருவம் கெடயாது."

"கிச்சன் மேடைக்குக் கல்லு கேட்டா கிளாஸ் எடுக்கறீங்களே பாய்" என்றார், செகந்திராபாத்திலிருந்து வந்திருந்த மைதிலி என்ற பெண்.

"ஹவ் மேடம், ஆமா. ஃபீஸ் நக்கோ, வேணாம்."

கிருஷ்ணகிரிக்காரர். செகந்திராபாத்துக்குப் பக்கத்தில், உப்பலில் இந்தக் கல் கடையில் பதினாறு வருடமாக அறுக்கிறார். காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால்தான் கல்லைத் தொடுவார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிடுவார். தாமதித்தால் ஏடு படியும், பால் ஏடு அல்ல, கல் தூள்.

கல்லைப் பற்றிய அந்தப் பாடம் அவருடையதல்ல. நிலவியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி இதே இயந்திரத்தில் வந்து நின்ற என் அண்ணன் கிரி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. 'சந்து' என்ற சொல்கூட அவனுடையதுதான். அந்தக் கண்ணாடி மணியின் தூள்தான் அண்ணனின் நுரையீரலை அடைத்திருக்கிறது என்றார் மருத்துவர். மார்ச்சில் இறந்தான்.

அறுக்கும்போது பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூள் பறக்காது. டேங்கர் தண்ணீர் வீணாகிறது என்று முதலாளி அந்தக் குழாயை அடைத்து ஐந்து வருடமாகிறது. வாங்க வருபவர்களுக்குக் கல்லின் பளபளப்பைக் காட்ட மட்டும் ஒரு வாளி உண்டு.

தொழிலாளர் அலுவலகத்தில் நான் கொடுத்த புகாருக்குப் பதிலாக, எப்போதும் தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறோம் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய் என்று, கூட நின்று அறுத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மைதிலி வேறு கற்களைப் பார்க்க நகர்ந்ததும், மூன்றாவது முறையாகக் காகிதத்தை நீட்டினேன்.

"கிரி எனக்கும் தம்பிதான். ஆனா சைன் நக்கோ தம்பி. என்னய வெளிய தள்ளுனா, இந்த வயசுல, இந்த இருமலோட எவன் சேத்துக்குவான்?"

"அவனும் இருமிக்கிட்டேதான் வேலைக்கு வந்தான் பாய்."

பாய் காகிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையில் திருப்பிச் செருகினார்.

மைதிலி முதலில் பார்த்த கல்லையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பாய் அளவெடுத்துக் கோடு போட்டார். சுவிட்சில் கை வைத்தவர், நான் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து நின்றார். தோளில் கிடந்த துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து, என் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டினார். பிறகு, வெறும் முகத்தோடு திரும்பி இயந்திரத்தை ஓடவிட்டார்.