நாலு மாடி உயரத்தில் என் வேட்டி

போன வாரம் குற்றாலத்தில் என் வேட்டி பறந்தது. அதுவும் நாலு மாடி உயரத்தில். பதறாதீர்கள்... இடுப்பிலிருந்து அல்ல!

நண்பர் செல்வராஜ் அங்கே லாட்ஜ் வைத்திருக்கிறார். சீசன் தொடங்கிவிட்டதே என்று அவசரமாகப் பெயர்ப்பலகையை மாற்ற ஒரு பூம் லிஃப்ட் வரவழைத்திருந்தார். வண்டியிலிருந்து நீளும் இரும்புக் கை, அதன் நுனியில் ஆள் நிற்கும் கூண்டு. பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பின்னால் அருவி விழ, வெள்ளை வேட்டியில் நான் — இந்தப் பத்திக்கு எப்பேர்ப்பட்ட படம்!

பலகை நேராக இருக்கிறதா என்று எழுத்தாளர்தான் பார்க்க வேண்டும் என்று செல்வராஜ் ஒரு போடு போட்டார். ஆபரேட்டர் மைதீன், கடையநல்லூர்க்காரர், துபாயில் பத்து வருஷம் இதே வண்டி ஓட்டியவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பாதுகாப்பு பெல்ட்டின் வார் தொடையைச் சுற்றி வரும், வேட்டி சரிப்படாது, பேன்ட் போட்டால்தான் மேலே என்றார். இருபது வருஷமாகப் பத்தி எழுதுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

வாட்ச்மேனிடம் காக்கி பேன்ட் கடன் வாங்கினேன். இடுப்புப் பட்டன் மட்டும் ஒத்துழைக்கவில்லை. மைதீன் வாரை இறுக்கி, கொக்கியைக் கூண்டில் மாட்டி, இழுத்துப் பார்த்தார். கையில் எதுவும் இருக்கக் கூடாது, போன்கூட வேண்டாம் என்றார். தலையாட்டினேன். வேட்டியைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருப்பதைச் சொல்வேனா? தொப்பையோடு தொப்பையாக அது போய்விட்டது.

கூண்டில் மைதீனும் நானும் மேலே ஏறினோம். தென்னை மட்டைகள் காலுக்குக் கீழே போயின. தூரத்தில் மெயின் அருவி. முகத்தில் சாரல். ஏனென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழே செல்வராஜ் போனைத் தூக்கிப் பிடித்தார். கூண்டு நிற்கும்வரை பொறுக்க எனக்கு மனசில்லை. சட்டைக் கழுத்து வழியாக வேட்டியை உருவி உதறினேன்.

செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வேட்டி ஒரே பாய்ச்சலில் மைதீன் தலையைச் சுற்றிக்கொண்டது. கூண்டு குலுங்கியது. செத்தோம் என்று நினைத்தேன்... உண்மையாகவே நினைத்தேன்.

வண்டி அப்படியே நின்றது. காலடியில் ஒரு பெடல் உண்டாம், அதை மிதித்தால்தான் எதுவும் அசையுமாம். வேட்டி கண்ணை மறைத்த நொடியே மைதீன் காலை எடுத்துவிட்டார். பிறகு நிதானமாக வேட்டியை உருவி, மடித்து, தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"அண்ணாச்சி, துபாய்ல மணல் காத்து பாத்திருக்கேன். வேட்டிக் காத்து இப்பத்தான் பாக்குதேன்."

தரை வரும்வரை மன்னிப்புக் கேட்டேன். அவர் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். "படத்த தாராளமா போடுங்க. கொக்கி மாட்டிருக்கது தெரியுத மாதிரி போடுங்க."

செல்வராஜ் எடுத்த படம் இன்று காலைதான் வந்தது. மைதீன் முகம் வேட்டிக்குள். கூண்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு குந்திவிட்டதால் என் முகமும் இல்லை.

கொக்கி மட்டும் பளிச்சென்று தெரிகிறது!